சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம்: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

சென்னை விமான நிலையத்திலிருந்து காலை 10.00 மணிக்கு இரண்டு விமானங்கள் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று மேற்கே துபாய்க்கு, மற்றது கிழக்கே சிங்கப்பூருக்கு. துபாய் டிக்கெட்டில் இறங்கும் நேரம் பகல் 12.50 என்று இருக்கும். சிங்கப்பூர் டிக்கெட்டில் மாலை 4.45 என்று இருக்கும். முதன்முறையாக வெளிநாடு போகிறவர் இதைப் பார்த்தால், துபாய் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும், சிங்கப்பூருக்கு ஏழு மணி நேரம் ஆகும் என்றுதான் நினைப்பார். உண்மையில் சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், சிங்கப்பூர் சுமார் 2,920 கிலோமீட்டர். விமானத்துக்குள் நீங்கள் உட்கார்ந்திருக்கப்போகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான், நான்கேகால் மணி நேரம்.

இந்தக் குழப்பம் படிக்காதவர்களுக்கு மட்டும் வருவதில்லை. தூரம், பறக்கும் நேரம், கடிகார நேரம், வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் நேரம் ஆகிய நான்கும் வெவ்வேறு. இவற்றை ஒன்றோடொன்று கலந்துவிடுவதால்தான் இணைப்பு விமானத்தைத் தவறவிடுகிறார்கள், அழைத்துப்போக வந்தவர்களைக் காக்கவைக்கிறார்கள், வயதான பெற்றோருக்கு மாத்திரை நேரத்தைத் தப்பாகச் சொல்லி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்கிட ஒருமுறை பழகிக்கொண்டால், பிறகு எந்த இரண்டு ஊருக்கும் உங்களால் சொல்லிவிட முடியும். சாதாரண கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

முதலில்: ஊர் அல்ல, விமான நிலையம்

கணக்கு தொடங்க வேண்டிய இடம் மூன்றெழுத்துக் குறியீடு. உலகில் பயணிகள் வந்துபோகும் விமான நிலையம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குறியீடு உண்டு. சென்னைக்கு எம்ஏஏ, மெட்ராஸ் என்ற பழைய பெயரின் மிச்சம் அது. திருச்சிக்கு டிஆர்இசட், மதுரைக்கு ஐஎக்ஸ்எம், கோவைக்கு சிஜேபி, யாழ்ப்பாணத்துக்கு ஜேஏஎஃப், சிங்கப்பூருக்கு எஸ்ஐஎன். டிக்கெட்டிலும் பெட்டியில் கட்டும் சீட்டிலும் இந்த எழுத்துகள்தான் இருக்கும். ஊர்ப் பெயரை நம்பாதீர்கள், எழுத்துகளைப் பாருங்கள்.

காரணம் இருக்கிறது. துபாயில் டிஎக்ஸ்பி என்பது நகரத்தை ஒட்டிய பழைய விமான நிலையம். டிடபிள்யூசி என்பது நகரத்துக்குத் தெற்கே தள்ளி இருக்கும் அல் மக்தூம். கோலாலம்பூருக்கு செப்பாங்கில் ஒன்று, சுபாங்கில் ஒன்று. கொழும்புக்கு கட்டுநாயக்கா, இரத்மலானை. லண்டன் என்று சொன்னால் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறு இருக்கின்றன. போதாததற்கு, கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலும் லண்டன் என்று ஓர் ஊர் உண்டு, அதற்கும் விமான நிலையம் உண்டு. சிட்னி என்ற பெயரிலும் கனடாவில் ஓர் ஊர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் போக டிக்கெட் எடுத்து அங்கே போய் இறங்கியவர்கள் உண்மையாகவே இருக்கிறார்கள்.

இணைப்பு விமானம் பிடிக்கிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏற வேண்டும் என்று டிக்கெட் இருந்தால், நடுவில் இருப்பது சாலைப் பயணம். அந்த நேரத்தை எந்தத் தூரக் கணக்கும் உங்களுக்குச் சொல்லாது.

இரண்டாவது: தூரம்

பள்ளியில் பார்த்த தட்டையான உலக வரைபடத்தில் அடிக்கோல் வைத்து அளந்தால் விடை தப்பாகத்தான் வரும். பூமி உருண்டை. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி என்பது, அந்த இரண்டு புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு பூமியைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின் ஒரு துண்டு. இதைப் பெருவட்டப் பாதை என்கிறோம். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டெல்லியில் ஒரு நூலின் நுனியை வைத்து, சான் பிரான்சிஸ்கோ வரை இறுக்கிப் பிடியுங்கள். நூல் பசிபிக் பெருங்கடலுக்கும் போகாது, அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் போகாது. நேராக வட துருவத்தின் பக்கம் ஏறிவிடும். 2021 ஜனவரியில் விமானி ஜோயா அகர்வால் தலைமையில் பெண்களே முழுக்க இயக்கிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூரில் வந்து இறங்கியது. தட்டையான வரைபடத்தை வைத்துப் பார்ப்பவருக்கு அந்த வழி பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நூலைப் பிடித்துப் பார்த்தவருக்கு அதுதான் இயல்பான வழி.

எண்ணில் கணக்கிட, இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கைப்பேசியின் வரைபடச் செயலியில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இந்த இரண்டு எண்களும் வந்துவிடும். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99.

இப்போது கால்குலேட்டரை அறிவியல் முறைக்கு மாற்றி, கோணம் டிகிரியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான். ரேடியனில் இருந்தால் விடை எங்கேயோ போய்விடும்.

முதல் துண்டு: இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். சைன் 12.99 என்பது 0.22478, சைன் 1.36 என்பது 0.02373. பெருக்கினால் 0.00533.

இரண்டாவது துண்டு: இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன் மதிப்பையும் பெருக்குங்கள். வித்தியாசம் 103.99 கழித்தல் 80.17, அதாவது 23.82. எனவே 0.97441 × 0.99972 × 0.91482. விடை 0.89116.

இரண்டு துண்டுகளையும் கூட்டினால் 0.89649. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கேளுங்கள். கால்குலேட்டரில் கொசைனுக்கு எதிர்ப் பொத்தான் இருக்கும். விடை 26.3 டிகிரி. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள கோணம் அது. பூமியின் மேற்பரப்பில் ஒரு டிகிரி என்பது 111.2 கிலோமீட்டர். 26.3 × 111.2 என்று பெருக்கினால் 2,924 கிலோமீட்டர்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுகிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது. ஒரு டிகிரிக்கு 60 கடல் மைல் என்பதால் 26.3 × 60, அதாவது 1,578 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். சாலையில் நாம் சொல்லும் மைல் இதைவிடச் சிறியது, 1,609 மீட்டர். இணையத்தில் வெறும் மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தெற்கு அட்சரேகையில் இருக்கும் ஊர்களுக்கு, உதாரணமாக ஆஸ்திரேலிய நகரங்களுக்கு, அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். லண்டன் ஹீத்ரோ, டொரண்டோ போன்று கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கும் விமான நிலையங்களுக்குத் தீர்க்கரேகை கழித்தல் எண்ணாகும். இதை மறந்தால் டொரண்டோ மத்திய ஆசியாவில் போய் விழும்.

கை பழக ஒரு பயிற்சி செய்து பாருங்கள். திருச்சி வடக்கு 10.77, கிழக்கு 78.71. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு 2,980 கிலோமீட்டர் வந்தால் கணக்கு சரி. திருச்சி சென்னைக்குத் தெற்கே இருப்பதால் சிங்கப்பூருக்குக் கிட்டத்தில் இருக்கும் என்று நாம் நினைப்போம். மேற்கே தள்ளி இருப்பதால் உண்மையில் அது சற்றுத் தூரம்.

கணக்குப் போட மனமில்லாதவர்களுக்கு கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளம் இருக்கிறது. இரண்டு குறியீடுகளையும் நடுவில் ஒரு சிறு கோட்டையும் தட்டினால் தூரமும் வளைந்த பாதையும் வந்துவிடும். ஆனாலும் ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள் என்பேன். எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கு, தப்பான எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் சந்தேகம் வரும்.

மூன்றாவது: விமானம் உண்மையில் போகும் வழி

நாம் கண்டுபிடித்தது குறைந்தபட்சத் தூரம். எந்த விமானமும் அதைவிடக் குறைவாகப் பறக்க முடியாது, கூடுதலாகத்தான் பறக்கும். ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பி, பிறகு திரும்பி, வான்வழித் தடங்களில் குறிக்கப்பட்ட புள்ளிகள் வழியாகப் போய், இறங்கும் ஊரில் வரிசையில் நின்று இறங்க வேண்டும். மழைமேகம் குறுக்கே வந்தால் சுற்றிப் போகவும் வேண்டும். வங்கக் கடலில் புயல் சின்னம் இருக்கும் நாட்களில் சிங்கப்பூர் விமானங்களின் தடத்தை ஃப்ளைட்ரேடார்24 செயலியில் பாருங்கள். மேகக் கூட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போவது தெரியும்.

இவையெல்லாம் சில விழுக்காடு கூடுதல்தான். பெரிய மாற்றம் அரசியலால் வருகிறது. 2022இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. அதற்கு முன் ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள பெருவட்டத் தூரம் ஓரடிகூட மாறவில்லை. இந்திய விமானங்களுக்கு பாகிஸ்தான் தன் வான்வெளியை 2019இல் சில மாதங்கள் மூடியது. 2025 ஏப்ரலில் மீண்டும் மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் இந்திய விமானங்கள்தான் இதில் அதிகம் அடிபட்டன. சென்னையிலிருந்து துபாய் போகும் வழி அரபிக் கடலின் மேலாகவே போவதால் அதற்குப் பெரிய பாதிப்பு இல்லை.

ஆகவே பழைய கட்டுரையிலோ, நண்பர் சில ஆண்டுகளுக்கு முன் சொன்னதிலோ இருக்கும் பயண நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது: பறக்கும் நேரம்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். அவ்வளவுதான் என்று நினைத்துப் பல இணையதளங்கள் எல்லா விமானத்துக்கும் ஒரே சராசரி வேகத்தை வைத்து வகுத்துப் போட்டுவிடுகின்றன. அதனால்தான் அந்தத் தளங்களின் நேரம் டிக்கெட்டோடு ஒத்துப்போவதில்லை.

விமானத்தின் ரகத்தை முதலில் பாருங்கள். டிக்கெட் பதிவு செய்யும்போதே அது தெரியும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற நடுத்தர விமானங்கள் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 900 கிலோமீட்டரைத் தொடும். இறக்கையில் விசிறி வைத்த ஏடிஆர் 72 சுமார் 500 கிலோமீட்டர்தான் போகும்.

ஆனால் விமானம் முழு நேரமும் அந்த வேகத்தில் போவதில்லை. நுழைவாயிலிலிருந்து பின்னுக்குத் தள்ளி, ஓடுபாதை முனை வரை ஊர்ந்துபோகவே பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஆகும். பத்தாயிரம் அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 கடல் மைலுக்கு மேல், அதாவது 460 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. முப்பத்தைந்தாயிரம் அடிக்கு ஏறுவதற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும். இறங்கும் ஊருக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் முன்பே விமானம் கீழிறங்கத் தொடங்கிவிடும். சென்னைக்கு வரும்போது "தரையிறங்கத் தொடங்கிவிட்டோம்" என்ற அறிவிப்புக்கும் சக்கரம் தரையைத் தொடுவதற்கும் இடையே அரை மணி நேரம் போவதற்குக் காரணம் இதுதான். தரையைத் தொடும் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கும். பிறகு மறுபடி ஊர்ந்து நுழைவாயிலுக்கு வர வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்துக் கையாளச் சுலபமான வழி: தூரத்தை உயரத்தில் பறக்கும் வேகத்தால் வகுத்து, அதோடு 40 நிமிடம் கூட்டுங்கள். சிறிய ஏடிஆர் விமானத்துக்கு 30 நிமிடம் போதும்.

சிங்கப்பூருக்கு 2,924ஐ 830ஆல் வகுத்தால் 3 மணி 31 நிமிடம். 40 கூட்டினால் 4 மணி 11 நிமிடம். டிக்கெட்டில் பெரும்பாலும் நான்கு மணிக்கும் நான்கரை மணிக்கும் நடுவில்தான் இருக்கும்.

கிட்டத்து ஊர்களுக்கு இந்தக் கூடுதல் நிமிடங்கள்தான் பெரும்பங்கு. சென்னையிலிருந்து திருச்சிக்கு வான்வழியில் சுமார் 295 கிலோமீட்டர். ஏடிஆர் விமானம் என்றால் 35 நிமிடம், அதோடு 30 சேர்த்து ஒரு மணி ஐந்து நிமிடம். சென்னை–யாழ்ப்பாணம் சுமார் 355 கிலோமீட்டர். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு ஏடிஆரில் போனால் ஒன்றேகால் மணி நேரம் அளவில் ஆகும். தூரம் பத்து மடங்கு குறைந்தாலும் நேரம் பத்து மடங்கு குறையாது. "பக்கத்திலேதானே இருக்கிறது, ஏன் இவ்வளவு நேரம்" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

டிக்கெட்டில் போடும் நேரத்துக்கு விமானத் துறையில் பிளாக் டைம் என்று பெயர். விமானம் ஒரு நுழைவாயிலிலிருந்து நகரத் தொடங்கியது முதல் அடுத்த ஊரின் நுழைவாயிலில் நின்றது வரை உள்ள நேரம் அது. கண்காணிப்புச் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் தரையை விட்டது முதல் தரையைத் தொட்டது வரை. இரண்டையும் ஒப்பிட்டு, விமானம் அரை மணி நேரம் சீக்கிரம் வந்துவிட்டதாக மகிழ வேண்டாம். விமான நிறுவனங்கள் தாமதத்துக்கென்று சில நிமிடங்களைச் சேர்த்தே அட்டவணை போடுகின்றன; தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு வந்து சேர்வதன் ரகசியமும் அதுதான்.

காற்று

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. காவிரியில் பரிசல் போகும்போது நீரோட்டத்தோடு போவதும் எதிர்த்துப் போவதும் ஒன்றல்ல. விமானத்துக்குக் காற்றுதான் நீரோட்டம். விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்துத்தான் 830 அல்லது 900. தரையைப் பொறுத்த வேகம் காற்றால் கூடும், குறையும்.

இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோ 8,230 கிலோமீட்டர். வழியில் சராசரியாக 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று இருந்தால், 900 என்பது 850 ஆகிறது. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிட்டால் 950 ஆகிறது. 8,230 கிலோமீட்டரை இரண்டாலும் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேர வித்தியாசம் வருகிறது. லண்டன் போகும்போது பதினொரு மணி நேரத்தை ஒட்டியும், சென்னைக்குத் திரும்பும்போது பத்து மணி நேரத்தை ஒட்டியும் அட்டவணை இருப்பது இதனால்தான். துபாய்க்கும் இது பொருந்தும்: போவதைவிடத் திரும்பி வருவது பொதுவாகச் சீக்கிரம் முடியும்.

சிங்கப்பூர் வழி வேறு மாதிரி. அது நிலநடுக்கோட்டை ஒட்டிய வழி. அந்த மேற்குக் காற்று அவ்வளவு தெற்கே வலுவாக இருப்பதில்லை. மாறாக, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் இதை விவரித்தார். அதன் மையம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், கீழ்ப்பகுதி விமானங்களைத் தொடும். ஆகவே ஜூலை, ஆகஸ்டில் சிங்கப்பூருக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. தரையில் நமக்கு அடிப்பது தென்மேற்குக் காற்று, தலைக்கு மேலே நேர் எதிர்த் திசையில் இன்னொரு காற்று. இந்த ஒரு செய்திக்காகவே இந்தக் கணக்கை எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நடைமுறையில் இதைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டியதில்லை. ஃப்ளைட்ரேடார்24 அல்லது ஃப்ளைட்அவேரில் உங்கள் விமான எண்ணைத் தட்டி, கடந்த சில நாட்களில் அது எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று பாருங்கள். அந்தப் பருவத்தின் காற்று அதில் தானாகவே சேர்ந்திருக்கும்.

ஐந்தாவது: கடிகாரம்

டிக்கெட்டில் ஏறும் நேரம் ஏறும் ஊரின் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படியும் போட்டிருக்கும். பயண நேரம் வேண்டுமென்றால், இறங்கும் நேரத்தை முதலில் ஏறும் ஊர்க் கடிகாரத்துக்கு மாற்றுங்கள். பிறகு கழியுங்கள்.

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கிறது. மாலை 4.45 என்பது சென்னையில் பகல் 2.15. காலை 10.00 மணியிலிருந்து 2.15 வரை 4 மணி 15 நிமிடம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே. அங்கே பகல் 12.50 என்றால் சென்னையில் 2.20. பயணம் 4 மணி 20 நிமிடம். தொடக்கத்தில் மூன்று மணி நேரம், ஏழு மணி நேரம் என்று தோன்றிய இரண்டு பயணங்களுக்கும் ஐந்து நிமிட வித்தியாசம்தான்.

மலேசியாவும் சிங்கப்பூர் நேரம்தான். இலங்கைக்கும் நமக்கும் 2006 ஏப்ரலிலிருந்து ஒரே நேரம், கணக்கே வேண்டாம். பிரிட்டனுக்கு ஆண்டில் இரண்டு கணக்கு: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம் பின்னே, மற்ற மாதங்களில் ஐந்தரை மணி நேரம் பின்னே. டொரண்டோ கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னே. அங்கே கடிகாரம் மாறும் ஞாயிறு பிரிட்டனின் ஞாயிறு அல்ல.

தேதியில்தான் பெரிய பள்ளம். சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்குப் பின் கிளம்புபவை. டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.45 என்று இருந்தால், 14ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்று பொருள். நம் வழக்கத்தில், பஞ்சாங்கத்திலும்கூட, நாள் விடியலில் தொடங்குகிறது. இரவு ஒரு மணியை நாம் முந்தைய நாளின் இரவாகவே நினைக்கிறோம். அதனால் 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விமானம் முந்தைய இரவே போயிருக்கும். பெற்றோருக்கு டிக்கெட் எடுத்து அனுப்புகிறவர்கள் தேதியை மட்டும் சொல்லாமல், "வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து கிளம்புங்கள்" என்று கிழமையோடு எழுதி அனுப்புவது நல்லது.

இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று சிறிதாக இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். விடுதி பதிவு செய்வதும் அழைக்க ஆள் வரச்சொல்வதும் அந்த மறுநாள் கணக்கில் இருக்க வேண்டும்.

இணைப்பு விமானம் இருந்தால்

ஒவ்வொரு துண்டின் தூரத்தையும் தனியாகக் கண்டுபிடித்துக் கூட்டுங்கள். சில வழிகள் ஆச்சரியப்படுத்தும். சென்னை–லண்டன் நேராக 8,230 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் 2,930உம் 5,500உம் சேர்ந்து 8,430. கூடுதல் வெறும் 200 கிலோமீட்டர். துபாய் ஏறக்குறைய வழியிலேயே இருக்கிறது. ஆனால் நடுவில் காத்திருக்கும் நேரம் இரண்டு மணியா, ஒன்பது மணியா என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கும். டிக்கெட் தளங்கள் காட்டும் மொத்த நேரத்தில் காத்திருப்பும் சேர்ந்தே இருக்கும்.

இரண்டு துண்டுகளும் ஒரே டிக்கெட்டில் இருப்பதையே நான் வலியுறுத்துவேன். அப்படி இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துக்கு. தனித்தனியாக எடுத்தால் மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய் ஒரு தாமதத்தில் போய்விடும். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டின் விசா கேட்டாலும் கேட்பார்கள்.

கடைசியாக: வாசலிலிருந்து வாசல்

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம், உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போவது பொது வழக்கம். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெட்டி ஒப்படைக்கும் கவுண்டர் பெரும்பாலும் கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்பட்டுவிடும். ஆகவே டிக்கெட்டில் உள்ள நேரம் நீங்கள் ஓடிப்போய்ச் சேர வேண்டிய நேரமல்ல. சென்னையில் சாலை நெரிசலை நம்ப வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு மெட்ரோ விமான நிலையத்துக்குள்ளேயே வருகிறது; புறநகர் ரயிலில் வந்தால் திரிசூலம் நிலையம் எதிரே இருக்கிறது.

இப்படிக் கூட்டினால் திருச்சி போன்ற ஊர்களுக்கு விமானம் உண்மையில் வேகமா என்ற கேள்வி எழும். பறப்பது ஒரு மணி நேரம். முன்னதாக இரண்டு மணி நேரம், வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம், இறங்கி ஊருக்குள் போக அரை மணி நேரம். மொத்தம் நாலரை மணி. எழும்பூரிலிருந்து வந்தே பாரத் ரயில் சுமார் நான்கு மணி நேரத்தில் திருச்சியில் விட்டுவிடும். நகரத்தின் நடுவில் வசிப்பவர்களுக்கு ரயில்தான் நல்லது என்பது என் கருத்து; வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையில் விமானம் மாறுகிறவர்களுக்குக் கணக்கு வேறு.

தூரமும் பிளாக் டைமும் பணத்தையும் தொடும். இந்தியாவில் விமான நிறுவனம் உரிய முன்னறிவிப்பின்றித் தன் தவறால் விமானத்தை ரத்து செய்தால் தர வேண்டிய இழப்பீட்டின் உச்சவரம்பு, பிளாக் டைம் ஒரு மணி வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 என்று வகுக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு அளவுகோல் பெருவட்டத் தூரம்: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500க்கு மேற்பட்ட நீண்ட பயணங்களுக்கு 600 யூரோ. பாரிஸிலிருந்து சென்னைக்கு வருகிறவர் நிறுவனத்தின் தவறால் பல மணி நேரம் தாமதமானால், 3,500ஐத் தாண்டிய பயணம் என்று எழுதிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

அழைத்துப்போக வருகிறவர்களுக்கு நீங்கள் அனுப்பும் செய்தியில் நான்கு விவரங்கள் இருக்கட்டும்: விமான எண், விமான நிலையத்தின் மூன்றெழுத்து, எந்த முனையம், இறங்கும் ஊர்க் கடிகாரப்படி நேரமும் தேதியும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு குடிவரவுச் (இமிக்ரேஷன்) சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர வெளிநாட்டு விமானத்தில் ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விமான எண் கையில் இருந்தால், தாமதத்தை அவர்களே செயலியில் பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவார்கள்.